வேறு ஊரின் டிசம்பர்

என் கணவன் ராமிரோவுக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் ஆள் இருப்பான், வலது முழங்கால் மட்டும் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். மேசையில் கரண்டியெல்லாம் கிலுகிலுக்கும். கல்யாணமான புதிதில், "எங்க தீப்பிடிச்சிருக்குன்னு சொல்லு, நானும் வரேன்" என்பேன். சிரிப்பான், ஒரு நிமிடம் நிறுத்துவான். அப்புறம் இடது முழங்கால் ஆரம்பிக்கும்.

ஆறரை அடி உயரம். தொழில் கூடைப்பந்து. தொழில் என்றால் சம்பளத்துக்கு ஆடுவது; பேர் வாங்குகிறவர்கள் வேறு. கிஹோன் என்கிற ஊரில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் முதல் டிவிஷன் அணி ஒன்று இவனை எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் முழுக்க இவன் களத்தில் நின்றது மொத்தம் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடக் கதையை நான் நாற்பது மணி நேரமாவது கேட்டிருப்பேன். அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினான், பிறகு மேலே ஏறவே இல்லை. கசெரெஸ், லுகோ, மெலிலா, பலென்சியா, லெய்தா என்று பதினாலு வருஷத்தில் பத்து ஊர். ஊர் பேரைச் சொன்னால் மற்றவர்களுக்கு அங்கே தின்ற சாப்பாடு ஞாபகம் வரும். இவனுக்குத் தரைப்பலகை ஞாபகம் வரும். "மெலிலாவுல எடது மூலையில ஒரு பலகை செத்துப்போச்சு, அதுல தட்டினா பந்து எழும்பாது" என்பான். அங்கே கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் யோசிப்பான்.

இவன் களத்தில் என்ன செய்கிறான் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. எதிரணியின் பெரிய ஆட்டக்காரனை மறித்து நிற்பான். தரையில் உருளும் பந்துக்குக் குப்புற விழுவான். ஒரு ஆட்டத்தில் நாலு புள்ளி எடுத்தால் பெரிய விஷயம். கோச்சுகளுக்கு இவனைப் பிடிக்கும். ஆனால் இவன் பேர் போட்ட பனியனை எந்த ஊரிலும் எந்தக் குழந்தையும் கேட்டு அழுததில்லை, எங்கள் மகள் ஒலாயாவைத் தவிர. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு அணியிலும் இந்த நாட்டில் ஆடி வளர்ந்தவர்கள் இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி. அந்த இடத்தை நிரப்பத்தான் இவனைக் கூப்பிடுவார்கள். "நான் கோட்டா ஆளு" என்று அவனே சொல்லிக்கொள்வான். அதில் அவனுக்கு வெட்கம் இல்லை. எனக்கு இருந்தது.

நான் எல்விரா. என் ஊர் பெனவெந்தே. மருந்துக்கடையில் வேலை. லுகோவில் நான் வேலை பார்த்த கடைக்கு முழங்கால் வலி என்று தைலம் வாங்க வந்தான். ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தான். இத்தனை தைலத்தை ஒரு குதிரைக்குப் பூசினால்கூடத் தீராது என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது வாரம் கேட்டேன்.

"நெஜமாவே வலிக்குதா?"

"முழங்கால்லயா? இல்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தோடு முடிகிற ஒப்பந்தம் என்பது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்களுக்கு ஊரே கிடையாது. டாமியான் என்று அவனுக்கு ஒரு ஏஜெண்ட். அந்த ஆள் எப்போது போன் செய்வான், எந்த ஊர் என்று சொல்வான் என்று வெயிலில் உட்கார்ந்திருப்போம். போனைக் குளிக்கும் இடத்துக்கும் கொண்டுபோவான் ராமிரோ. மணி அடித்த பிறகுதான் நான் மூச்சு விடுவேன். பிறகு பெட்டி கட்டுவேன். 'சமையலறை' என்று எழுதிய மூன்று பெட்டிகளை நாலு ஊராகப் பிரிக்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றே மறந்துபோனேன்.

நானாவது வளர்ந்தவள். ஒலாயா என்ன செய்வாள்? பாலர் பள்ளி கலீசியாவில், அங்கே ஒரு மொழி. அடுத்து லெய்தாவில், அங்கே கத்தலான். அடுத்த வருஷம் பில்பாவோ பக்கம், பாஸ்க் மொழி. ஒரு வகுப்பில் தோழி ஒருத்தி கிடைத்து, இரண்டு பேரும் சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சு வரும்போது எங்களுக்கு மே மாதம் வந்துவிடும். ஆறு வயதில் ஒருநாள் அவள் பொம்மைகளை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொம்மையிடமும், "நீ எத்தன மாசம் இங்க இருப்ப?" என்று கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

போன ஜூலையில் மணி அடித்தது. இந்தத் தடவை அல்மெரியா, நாட்டின் தென்கோடி.

"கடல் இருக்கு எல்விரா. வெயில் இருக்கு. ஒனக்குப் பிடிக்கும்" என்றான். முழங்கால் ஆடியது.

"நீ போ. நாங்க பெனவெந்தே போறோம்."

"லீவுக்கா?"

"இருக்கறதுக்கு. எங்கப்பா வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு. ஆறு வயசுக்குள்ள மூணு ஸ்கூல் பாத்துட்டா. இனிமே ஒரே ஸ்கூல்தான்."

"அப்ப நான்?"

"ஒனக்கு முப்பத்துநாலு வயசு. நீயே யோசி."

சண்டை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆகஸ்டில் அவன் தெற்கே போனான், நாங்கள் வடக்கே வந்தோம். பெனவெந்தேயில் மருந்துக்கடையில் வேலை கிடைத்தது, இந்தத் தடவை நிரந்தரமாக. சாயங்காலம் போனைக் குளிர்பெட்டி மேல் சாத்திவைத்து அப்பாவோடு பேசுவாள் ஒலாயா. ஒருநாள் பேசி முடித்துவிட்டு, "அப்பாவ உள்ள வச்சு மூடிடட்டா?" என்று கேட்டாள். என் அப்பா பாஸ்குவால், முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், ஏழு ஊர் கேட்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊருக்கும் ஒரு அணி இருக்கிறது. முந்தின வருஷம்தான் மூன்றாவதிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. ஏறின வேகத்திலேயே இறங்கும் நிலையில் இருந்தது. டிசம்பர் கடைசியில் அவர்களுடைய உள்நாட்டு ஆள் ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்தது. கோட்டாவில் ஒரு ஆள் குறைந்தது. கிளப் தலைவர் லாவுரெயானோ டிராக்டர் விற்கிறவர், என் அப்பாவோடு சீட்டு விளையாடுகிறவர். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அல்மெரியாவில் அவர்களுக்கு ராமிரோ தேவைப்படவில்லை, விட்டுவிட்டார்கள். ஜனவரி ஐந்தாம் தேதி, குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் மூன்று ராஜாக்கள் ஊர்வலம் வந்து மிட்டாய் எறிகிற சாயங்காலம், இவன் தோளில் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஒலாயா மிட்டாயையெல்லாம் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"ராஜாக்கள் அப்பாவக் கொண்டாந்துட்டாங்க! நான் சைக்கிள்தான் கேட்டேன்!" என்றாள்.

அந்த நாலரை மாதம் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம். பெட்டிகளைப் பிரித்தோம். உள்ளே கிடந்ததையும் சேர்த்தால் வீட்டில் நாலு பூண்டு நசுக்கும் கருவி. ஒவ்வொரு ஊரிலும் ஒன்று வாங்கியிருக்கிறேன். ராமிரோ சுவரில் பலகை அடித்தான், ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பரவாயில்லை. பள்ளிக்கூட வாசலில் போய் மற்ற அப்பாக்களோடு நிற்பான், அவர்களைவிட ஒரு தலை உயரமாக. லாவுரெயானோ கடையில் வைத்தே வாக்குக் கொடுத்தார்: "இந்த டிவிஷன்ல தாக்குப்புடிச்சிட்டா ஒனக்கு ரெண்டு வருஷம் கையெழுத்து. அதுக்கப்புறம் சின்னப் பசங்களுக்கு நீதான் கோச்." எழுத்தில் இல்லை, ஆனால் அவர் சொன்ன சொல் மாறாத ஆள். அணி இறங்கினால்? மூன்றாவது டிவிஷனில் இவன் சம்பளத்துக்கு இரண்டு இளசுகளை எடுக்கலாம். இவன் மறுபடி போனுக்குக் காத்திருக்க வேண்டும். என் மூளைக்குள் அந்த நாலரை மாதமும் வேறு எதுவும் ஓடவில்லை. தங்குமா, போய்விடுமா. வாடிக்கையாளருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் அதுதான்.

மே மாதம் கடைசி ஞாயிறு, கடைசி ஆட்டம். எதிரணி துதேலா. எங்களைவிட அவர்களுக்கு ஒரே ஒரு வெற்றி கூடுதல். எங்கள் இரண்டு பேரில் ஒருவர்தான் கீழே போக வேண்டும். நாங்கள் ஜெயித்தால் இரண்டு பேருக்கும் வெற்றி சமம். சமம் என்றால், இரண்டு அணியும் மோதிய இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து யார் அதிகப் புள்ளி என்று பார்ப்பார்கள். டிசம்பரில் துதேலாவில் போய் ஒன்பது புள்ளியில் தோற்றிருந்தோம். ஆக, பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். வெறும் வெற்றி போதாது.

ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கோச் செவெரினோ ஒரு மாதிரி ஆள். மஞ்சள் ஆகாத நிறம் என்று, மஞ்சள் சட்டை போட்டவனை பஸ்ஸில் ஏற்ற மாட்டார். ஜெயிக்க வேண்டிய எண்ணை உரக்கச் சொன்னால் தரித்திரம் பிடிக்கும் என்று நம்புகிறவர். அந்த வாரம் அணிக்குள் எண் பேசக் கூடாது, வீட்டிலும் பேசக் கூடாது என்று உத்தரவு. எங்களுக்கெல்லாம் கிளப்பிலிருந்து செய்தியே வந்தது. சிரிக்காதீர்கள், இந்த ஊரில் இதை யாரும் கிறுக்கு என்று நினைக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரி விலை பத்து வரும் இடத்தில்கூட, "ஒம்போதும் இன்னொண்ணும்" என்றாள். பத்திரிகையை ராமிரோ கடைசி வாரம் தொடுவதில்லை, அது அவனுடைய பழக்கம். ஞாயிறு காலையில் அவன் செருப்பை மாட்டும்போது எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. "பத்து, மறந்துடாத" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்கும் பயம்தான். அதற்குப் பதிலாக, "பாத்து வா" என்றேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு ஆட்டம். அரங்கத்தில் இடமே இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்து, தொலியை முன்னால் இருப்பவரின் தொப்பி மேலேயே துப்பிக்கொண்டிருந்தார். ஒலாயா தன் அப்பா பேர் போட்ட பனியனில். பாதி ஆட்டம்வரை நாங்கள் பின்தங்கியிருந்தோம். பிறகு எழும்பினோம். ராமிரோ அவர்களுடைய பெரிய ஆளை மறித்து, மறித்து, அந்த ஆள் களைத்துப்போனான். கடைசி நிமிடம் தொடங்கும்போது ஐந்து புள்ளி முன்னே. செவெரினோ கடைசி டைம் அவுட்டை எடுத்தார். நாங்கள் மூன்றாவது வரிசை, அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"டேய், டிசம்பர்ல என்னாச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கில்ல? அவ்வளவுதான். நான் வேற எதுவும் சொல்லமாட்டேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ராமிரோவும் ஆட்டினான்.

இருபது விநாடி இருக்கும்போது எங்கள் லித்துவேனியாக்காரன் டோமாஸ் தூரத்திலிருந்து எறிந்தான். மூன்று புள்ளி. எட்டு ஆனது. அரங்கமே எழுந்து நின்றது. துதேலாக்காரர்கள் பந்தை உள்ளே போட்டார்கள், கை மாற்றினார்கள். ராமிரோ வழக்கம்போலக் குப்புறப் பாய்ந்தான். பந்து அவன் கையில். பதினோரு விநாடி பாக்கி. ஒரே ஒரு கூடை. அது விழுந்தால் பத்து.

எழுந்தான். புள்ளிப் பலகையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். எனக்கு அந்தக் கணமே ஏதோ தப்பு என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. மெதுவாகப் பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டி நடந்தான். ஆட்டம் ஜெயித்தாகிவிட்டால் கடைசியில் கிடைத்த பந்தை யாரும் எறிய மாட்டார்கள். தோற்றவன் முகத்தில் இன்னொரு தடவை அடிக்கக் கூடாது என்று ஒரு மரியாதை. அந்த மரியாதையைத்தான் ராமிரோ காட்டிக்கொண்டிருந்தான். துதேலாக்காரர்களுக்கு எங்களுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. அவர்கள் கோச் கையைத் தாழ்த்திக் காட்டினார், ஐந்து பேரும் தோற்றவர்கள் மாதிரி இரண்டடி பின்னால் போய் நின்றார்கள்.

"போடுடா! மாப்ள, போடுடா! எறிடா அந்த எழவ!" என்று என் அப்பா தொண்டை கிழியக் கத்தினார். ஆயிரத்தைந்நூறு பேரும் அதையேதான் கத்தினார்கள். அத்தனை பேர் சேர்ந்து கத்தினால் அது சொல்லாகக் கேட்காது, சத்தமாகத்தான் கேட்கும். சந்தோஷச் சத்தம் என்று நினைத்துவிட்டான். டோமாஸ் பந்தைக் கேட்டு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவனை நோக்கி ஓடினான். கட்டிப்பிடிக்க வருகிறான் என்று ராமிரோ பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகளை விரித்தான். சங்கு ஊதியது.

பந்தை மேலே எறிந்தான். துதேலா கேப்டனைப் போய்க் கட்டிக்கொண்டு முதுகில் தட்டி ஆறுதல் சொன்னான். அந்த ஆளும் இவனை இறுக்கிக் கட்டிக்கொண்டான், அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. பிறகு ராமிரோ திரும்பி எங்களைத் தேடினான். கண்டுபிடித்தான். ஒரு விரலால் தரையைக் காட்டினான். என்னைப் பார்த்து, ஒலாயாவைப் பார்த்து, மறுபடி தரையைக் காட்டினான். இங்கேதான், இனிமேல் இங்கேதான் என்று.

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

அவன் நினைத்துக்கொண்டிருந்தது ஏழு. டிசம்பரில் அவனும் துதேலாவுக்குப் போய் ஆடியிருந்தான். ஆனால் அல்மெரியா பனியனில். அவர்கள் அங்கே தோற்றது ஏழு புள்ளியில், அதனால் இப்போது எட்டு போதும் என்று நினைத்துவிட்டான். ஜனவரியில் இங்கே வந்ததிலிருந்து ஊர்க்காரர்கள் எல்லோரும் "டிசம்பர்ல துதேலாவுல வாங்கின அடி" என்று புலம்புவார்கள். இவனும் சேர்ந்து, "ஆமா, மோசமான அடி" என்று புலம்புவான். அவர்கள் ஒரு தோல்வியைச் சொன்னார்கள், இவன் வேறொரு தோல்வியை நினைத்துக்கொண்டிருந்தான். ஒரே ஊரில் இருந்தவன் எவனுக்கும் இந்தத் தப்பு வராது. பத்து ஊர் மாறியவனுக்குத்தான் வரும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவன் வாய்வரை கொண்டுவந்து மரியாதையாகக் கீழே வைத்துவிட்டான்.

ஊர் அடிக்கவில்லை, கல் எறியவில்லை. சிரித்தது, அது இன்னும் மோசம். 'ஏழு' என்று பேர் வைத்தார்கள். ரொட்டிக்கடைக்காரி என்னிடமே, "என்னம்மா, ஏழா, பத்தா?" என்று கேட்டாள். "ஒங்க வாய அன்னைக்குத் தெறந்திருந்தா பத்து ஆயிருக்கும்" என்று சொல்லிவிட்டு ரொட்டி வாங்காமல் வந்தேன். செவெரினோ ஊரைவிட்டே போய்விட்டார். லாவுரெயானோ அப்பாவோடு சீட்டாட வருவதை நிறுத்திக்கொண்டார்.

ராமிரோ மட்டும் போகவில்லை. "போதும். நான் வெளையாட்ட விட்டுட்டேன். நாம இங்கதான்" என்றான். அப்பா பழைய சிநேகிதம் பிடித்து, நெடுஞ்சாலைப் பக்கம் லாரிகள் சரக்கு மாற்றுகிற கிட்டங்கியில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். காலை ஆறு முதல் இரண்டு வரை. உயரத் தட்டில் இருக்கும் அட்டைப்பெட்டியை ஏணி இல்லாமல் எடுப்பான் என்று மேலாளருக்கு ஒரே சந்தோஷம்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்காரன் வீட்டில், மகள் ஒரே பள்ளியில். ஆனால் அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ அரித்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு மாடியில் நடப்பான். ஜன்னலுக்குப் போவான், திரும்புவான், ஜன்னலுக்குப் போவான். அங்கிருந்து பார்த்தால் நாலு திசைக்கும் பிரிகிற சாலை தெரியும். எந்த லாரி எங்கே போகிறது என்று ஒலாயாவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். மூன்று வாரத்தில் அவன் நாலு கிலோ இளைத்தான். முழங்கால் ஆடுவது நின்றுவிட்டது. எத்தனை வருஷம் அதை நிறுத்தச் சொல்லித் திட்டியிருக்கிறேன்! இப்போது கரண்டிகள் சும்மா கிடந்தன, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை இரண்டாவது வாரம், பருப்பும் சோரிசோ இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. டாமியான். ராமிரோ பேரைப் பார்த்தான், போனைக் கவிழ்த்து வைத்தான். மறுபடி அடித்தது. ஒலாயா விளையாட இறங்கிப் போனதும் நான் கேட்டேன்.

"எடுக்கலயா?"

"எதுக்கு? நாந்தான் சொன்னேனே."

"ராமிரோ, ஒண்ணு கேப்பேன். கோவப்படக் கூடாது. அன்னைக்கு நெஜமாவே ஒனக்கு ஏழுன்னுதான் தோணுச்சா?"

"வேற என்ன?"

"இல்ல, தங்க வேணாம்னு உள்ளுக்குள்ள எங்கயாவது..."

முடிக்கவில்லை நான். பொய் சொன்னால் பிடித்துவிடுவேன், சண்டை போடலாம் என்று இருந்தேன். 'சீ, என்ன பேச்சு' என்று அதட்டினால் நம்பியிருப்பேன். அவன் ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தான், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"தெரியல எல்விரா" என்றான். "நானும் தேடிப் பாக்குறேன். ஏழுன்னுதான் தோணுச்சு, சத்தியமா. பந்து கையில வந்ததும், அப்பாடா, வீட்டுலயே இருக்கலாம்னு நெனச்சேன், அதுவும் சத்தியம். ஆனா என் தலை ஏன் அல்மெரியா கணக்க எடுத்துச்சு, ஏன் இந்த ஊர் கணக்க எடுக்கலன்னு கேட்டா, எனக்குத் தெரியல."

தட்டுகளை எடுத்துக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவன் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று எனக்கே பிடிபடவில்லை. பிடித்து வைத்துக்கொள்ள நான் பட்ட பாடெல்லாம் கண்முன்னே வந்தது. அவன் கிட்டங்கிச் சட்டையோடு மாடிப்படி ஏறி வருவதும் வந்தது.

மூன்றாவது நாள் மருந்துக்கடையின் சரக்கு அறையில் நின்று நானே டாமியானைக் கூப்பிட்டேன்.

"எல்விரா! நீங்களா? அவன் போனையே எடுக்கமாட்டேங்கறான். லா பால்மாவுல கேக்கறாங்க. தீவு. மறிச்சு ஆடற ஆளு வேணுமாம். அந்த எட்டுப் புள்ளி விஷயம் அவங்களுக்கும் தெரியும், பரவால்லங்கறாங்க."

"வருவான்."

"அவன்கிட்ட கேக்க வேணாமா?"

"நான் கேட்டுக்கறேன். வருவான்னு சொல்லிடுங்க."

"ரொம்ப சந்தோஷம். மூணு பேருக்கும் வீடு பாக்கச் சொல்லட்டா? ஸ்கூல் பக்கத்துலயா?"

"வேணாம். ஒரு ஆளுக்குப் போதும். நாங்க இங்கதான் இருப்போம்."

"சரிம்மா" என்றான். பதினோரு வருஷத்தில் அந்த ஆள் என்னை முதல் தடவையாக அம்மா என்று கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது ராமிரோ கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். என் அப்பா கட்டிய கொடி அவன் மார்பளவுதான், குனிந்து குனிந்து ஒலாயாவின் காலுறைகளுக்குக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தான். நான் ஈரப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாமியான்கிட்ட பேசினேன். லா பால்மா. ஆகஸ்ட் மூணாந்தேதி வரணுமாம். நீ வரேன்னு சொல்லிட்டேன்."

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடுப்பான் என்று பார்க்கவில்லை, சம்மதிப்பான் என்றும் பார்க்கவில்லை. முதலில் என்ன வருகிறது என்று பார்த்தேன். அரை விநாடிதான். கண் விரிந்தது, தோள் நிமிர்ந்தது, ஜனவரியில் பஸ்ஸிலிருந்து இறங்கினபோதுகூட நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்து போனது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். "ஐயோ, இல்ல எல்விரா, நான் போகமாட்டேன்" என்றான். "ஒலாயாவ விட்டுட்டு எப்படி?" என்றான். போர்வையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை, எனக்குத் தெரியும். நானும் அழுதேன், அதுவும் பொய்யில்லை.

ஆனால் இரண்டில் எது முதலில் வந்தது என்று நான் பார்த்துவிட்டேன். அவனிடம் அதை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.